ஊசியக்கா

பதினேழாவது முறையாகக் கறுப்பை ஊற்றினேன்.
கண் போனது. மூக்குப் போனது.
சட்டையின் செம்பருத்திப் பூக்கள் போயின.
மிஞ்சிய நிழலை அடுத்த மேசைக்குத் திருப்பிக் காட்ட
யதுர்ஷன் சொன்னான்:
'காஸ் சிலிண்டர்.'

பலாலி வீதி, திருநெல்வேலி.
கீழே மாபிள் கடை, மேலே நாங்கள் மூன்று பேர்,
கரண்ட் போனால் கத்துகிற யூபிஎஸ் ஒன்று.
ஸ்காபரோவிலிருந்து சிவகரன் அண்ணை கேட்டது
பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி.
துள்ளுவாள், தமிழ் சொல்லிக் கொடுப்பாள்.
'ஒருக்காப் பாத்தா மறக்கக்கூடாது, தங்கச்சி.
மற்றும்படி உம்மட விருப்பம்.'
மறக்கக்கூடாது என்பதற்கு
எந்தத் தூரிகை என்று அவர் சொல்லவில்லை.

வட்டம் நல்லவன், சதுரம் உறுதியானவன்,
முக்கோணம் வில்லன்.
படித்த பாடம்.
கச்சேரியில் என் படிவத்தைத் தன் பேனையால்
நிரப்பித் தந்த மனிதர்
தலைமுதல் கால்வரை முக்கோணம்.
எங்கள் சீட்டுக் காசோடு ஓடியவர்
வட்டத்திலும் வட்டம்,
கன்னத்தில் குழி வேறு.

கண்களைப் பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்,
ஒன்றையும் கவனிக்கவில்லை.
இரட்டைப் பின்னல், ஒற்றைப் பின்னல், பிறகு குட்டை முடி,
பிறகும் இரட்டைப் பின்னல்.
'வடிவாத்தானே இருக்கிறாள்' என்றாள் பானுஜா.
ஓம், வடிவுதான்.
வடிவம்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை, கொக்குவில் ரியூசன் கொட்டிலில்
நாலாம் வகுப்புப் பெடியளுக்கு
அவளைப் பத்து விநாடி காட்டிவிட்டு
மடிக்கணினியை மூடினேன்.
'இப்ப கீறுங்கோ.'

இருபத்தாறு தாள்.
பின்னலை ஒருவரும் கீறவில்லை.
நான் இரண்டு கிழமை வளர்த்த கண்களுக்கு
இரண்டு குத்து.
செம்பருத்தி சிலரிடம் மீனாகியிருந்தது.
ஆனால் இடது கால் செருப்பில்
அறுந்த வாரைப் பிடித்தபடி
ஒரு சட்டை ஊசி,
இருபத்தொரு தாளில்.
அபிசனா கீறியதில் ஊசிதான் தாள் முழுக்க.
ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளை
அதில் கொழுவியிருந்தாள்.

'உது ஆர்?' என்று கேட்டேன்.
'ஊசியக்கா' என்றான் முன் வாங்கில் ஒருவன்,
பக்கத்து வீட்டு ஆளைச் சொல்வதுபோல.

நான் அதைத் திட்டமிடவில்லை.
எந்தக் குறிப்பிலும் இல்லை.
கை தானாகப் போட்டிருந்தது.
எங்கே கண்டேன் என்று
சைக்கிளில் வீடு திரும்பும்வரை யோசித்தேன்.
காரைநகர் பஸ்ஸாக இருக்கலாம்.
கம்பியைப் பிடித்து நின்றவளின் முகம் ஞாபகமில்லை.
ஒவ்வொரு பிரேக்குக்கும்
பெருவிரலை மடக்கிச் செருப்பை இறுக்கிய
அந்தக் கால்.

அன்றிரவு நடை செய்தேன்.
யூபிஎஸ் கத்தியது. கத்தட்டும்.
வலது கால் முழுதாக ஊன்றும்.
இடது கால் ஊசியை நம்பாமல்
இரண்டு பிரேம் பிந்தி வரும்.
அந்த இரண்டு பிரேமுக்காகத் தோள் ஏறியது,
தோளுக்காகத் தலை சரிந்தது,
சரிந்த தலைக்குள்
ஏதோ ஒரு யோசனை இருந்தாக வேண்டியிருந்தது.

கறுப்பை ஊற்றினேன்.
யதுர்ஷன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.
'ஆர் இவ? எங்கயோ அவசரமாப் போறா.'

விடியக்காலமை சிவகரன் அண்ணையின் குரல் பதிவு:
'நல்லா வந்திருக்கு தங்கச்சி.
செருப்பை மட்டும் புதுசாக்கி விடும்.
சனம் எங்கள என்னெண்டு நினைக்கும்?'

லேயரை அணைத்தேன். ஒரு கிளிக்.
செருப்பு புதிது, ஊசி இல்லை.
அவள் நடந்தாள்,
அதே இரண்டு பிரேம் பிந்தி,
இல்லாத ஊசியை நம்பாமல்.

நடையைத் திருத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.